மதகு திறந்தது, பறவை திரும்பியது

1940ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் பிரான்சு நாடு ஜெர்மானியப் படைகளிடம் வீழ்ந்தது. அடுத்த தாக்குதல் தங்கள் மீதுதான் என்று இங்கிலாந்து மக்கள் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்திருந்தனர். ஐரோப்பாவை நோக்கி நிற்கும் அந்நாட்டின் கிழக்குக் கடற்கரை படை இறங்க ஏற்ற இடம். அங்கே சஃபோக் மாவட்டத்தில் மின்ஸ்மியர் என்ற தாழ்நிலம் உள்ளது. முன்பு கழிமுகமாக இருந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாய்க்கால் வெட்டி நீர் வடிக்கப்பட்டு, மாடுகள் மேயும் புல்வெளியாக மாறிய நிலம் அது. பகைவரின் டாங்கிகள் அதன் வழியே உள்ளே புகுந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்நிலத்தை நீரில் மூழ்கடித்தனர். நீரை வடிப்பதற்காக அமைத்த மதகுகளே இப்போது நீரைத் தேக்குவதற்குப் பயன்பட்டன.

எதிர்பார்த்த பகைவர் வரவில்லை. எவரும் எதிர்பாராத விருந்தினர் 1947இல் வந்து சேர்ந்தனர். ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக இங்கிலாந்தில் கூடு கட்டாமல் போயிருந்த ஒரு நீர்ப்பறவை, நீர் தேங்கிய அந்த நிலத்தில் கூடு கட்டி முட்டையிட்டது. கடற்கரைச் சதுப்பு நிலங்களில் பறவைகளைப் பேணும் கலை வளர்ந்த வரலாற்றில் இது ஒரு திருப்பம். பறவை ஏன் போயிற்று, ஏன் வந்தது, வந்தபின் எப்படித் தங்கியது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், ஒரு சரணாலயம் எவ்வாறு இயங்குகிறது என்பது நமக்கு விளங்கிவிடும்.

மேல்நோக்கி வளைந்த அலகு

அந்தப் பறவையை ஆங்கிலத்தில் அவொசெட் என்பர்; தமிழில் கோணமூக்கு உள்ளான். வெள்ளை உடல், தலையிலும் இறக்கையிலும் கறுப்புப் பட்டைகள், நீலம் கலந்த சாம்பல் நிறக் கால்கள். தலை முதல் வால் வரை ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் நீளம். எடை 300 கிராம் அளவு. இதன் தனிச்சிறப்பு அலகுதான். பெரும்பாலான பறவைகளின் அலகு நேராகவோ கீழ்நோக்கி வளைந்தோ இருக்கும். இதன் அலகு மெல்லியதாக, நுனி மேல்நோக்கி வளைந்து, செருப்புத் தைக்கும் ஊசியை நினைவூட்டும்.

இந்த வளைவு அழகுக்காக அமைந்ததன்று. கோணமூக்கு உள்ளான் ஆழமற்ற நீரில் நடந்துகொண்டே அலகை இடமும் வலமுமாக வீசும். கதிர் அறுக்கும் அரிவாள் போல் அது அசையும். வளைந்த பகுதி சேற்றின் மேற்பரப்பை ஒட்டியவாறே செல்லும். அந்த மெல்லிய சேற்றுப் படலத்தில் வாழும் கூனி போன்ற சிற்றிறால் இனங்களும் புழுக்களும் பூச்சிகளின் இளம்புழுக்களும் அலகில் தட்டுப்பட்டவுடன் பிடிபடும். கண்ணால் பார்த்துப் பிடிக்கவேண்டும் என்பதில்லை. கலங்கிய நீரிலும் வேலை நடக்கும்.

ஆகவே இப்பறவைக்கு வேண்டியவை மிகத் திட்டமானவை. நீர் முழங்கால் ஆழத்தில் இருக்கவேண்டும். நம் முழங்கால் அல்ல, பறவையின் முழங்கால். ஆழம் கூடினால் அலகு சேற்றைத் தொடாது. நீர் வற்றினால் சிற்றுயிர்கள் மடிந்துபோகும். நீரில் ஓரளவு உப்பு இருப்பது நல்லது. நன்னீர் மட்டும் என்றால் நாணல் வளர்ந்து நிலத்தை மூடிவிடும். உப்பு அளவுக்கு மீறினாலோ ஒருசில உயிரினங்கள் தவிர மற்றவை வாழமாட்டா. கூடு என்பது தரையில் ஒரு சிறு பள்ளம்தான். வழக்கமாக நான்கு முட்டைகள். நரியும் எலியும் எளிதில் அணுகாதபடி நாற்புறமும் நீர் சூழ்ந்த திட்டு அதற்கு வேண்டும். முட்டையிலிருந்து வந்த குஞ்சைத் தாய் ஊட்டி வளர்ப்பதில்லை. பிறந்த சில மணி நேரத்திலேயே அது நடந்து சென்று தானே இரை தேடும். எனவே கூட்டுக்கு அருகிலேயே குஞ்சின் குட்டைக் கால்களுக்கு ஏற்ற மிக ஆழமற்ற நீரும் வேண்டும்.

இத்தனையும் ஒரே இடத்தில் அமைவது அரிது. அமைந்தாலும் நெடுங்காலம் நீடிப்பது அதனினும் அரிது. இதை மனத்தில் கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் புரியும்.

எப்படி மறைந்தது?

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலும் தென்கிழக்குக் கரையிலும் கோணமூக்கு உள்ளான் பல இடங்களில் கூடு கட்டியது. அதன் வாழிடத்தை முதலில் குறைத்தது வேளாண்மை. பதினேழாம் நூற்றாண்டு முதல் அந்நாட்டில் சதுப்பு நிலங்களை வடித்து வயலாக்கும் பணி பெருமளவில் நடந்தது. கரை எழுப்பிக் கடல்நீரைத் தடுத்தார்கள். வாய்க்கால் வெட்டி உள்நீரை வெளியேற்றினார்கள். உணவு விளைந்தது; பறவைகளின் சேற்றுவெளி சுருங்கியது.

எஞ்சிய பறவைகளை மனிதனின் கையே முடித்தது. நார்ஃபோக் மாவட்டத்தில் சால்ட்ஹவுஸ் என்ற ஊரருகே இருந்த பறவைக் கூட்டம் அழிந்த கதை நூல்களில் பதிவாகியுள்ளது. முட்டைகளைப் புட்டிங் என்ற இனிப்பு செய்வதற்காக எடுத்துச் சென்றனர். தூண்டில்காரர்கள் மீனை ஏமாற்றப் பயன்படுத்தும் பொய் ஈக்களைக் கட்டுவதற்கு அதன் இறகு ஏற்றதாக இருந்தது. அதற்காகவும் பறவைகளைச் சுட்டனர். 1820களில் அங்கே கூடுகள் இல்லாமற் போயின. 1840களோடு நாடு முழுவதிலுமே இப்பறவை கூடு கட்டுவது நின்றுவிட்டது.

அதன்பின் ஒரு கொடிய வட்டம் தொடங்கியது. அரிதாகிவிட்ட பறவைக்கு மதிப்பு கூடியது. பஞ்சடைத்த பறவையைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதும், ஊதித் துளையிட்ட முட்டைகளை இழுப்பறையில் அடுக்குவதும் அக்காலச் செல்வர்களின் பொழுதுபோக்கு. வழிதவறி ஓரிரு கோணமூக்குகள் வந்தாலும் சேகரிப்பாளர்களின் துப்பாக்கி காத்திருந்தது. பறவையை இனம் காண்பதற்கே அதைக் கொன்று கையில் எடுத்துப் பார்ப்பதுதான் முறை என்று அறிஞர்களும் கருதிய காலம் அது.

சுடுவதை விட்டுப் பார்க்கத் தொடங்கினர்

மாற்றம் இரண்டு திசைகளிலிருந்து வந்தது. ஒன்று, பெண்கள் நடத்திய இயக்கம். தொப்பிகளில் இறகு சூடும் நாகரிகத்துக்காக உலகெங்கும் வெண்கொக்குகள் முதலிய பறவைகள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு வந்தன. இதை எதிர்த்து 1889இல் மான்செஸ்டர் நகரையடுத்த டிட்ஸ்பரியில் எமிலி வில்லியம்சன் என்பவர் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 1904இல் அரச பட்டயம் பெற்ற அந்தச் சங்கமே இன்றைய அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம். இந்த வாணிகத்தோடு நம் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. இந்தியாவிலிருந்து காட்டுப் பறவைகளின் இறகுகள் ஏற்றுமதியாவது 1902இல் தடை செய்யப்பட்டது. இறகு இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் இங்கிலாந்தில் 1921இல்தான் நிறைவேறியது.

மற்றொன்று, பறவையைப் பார்க்கும் முறையில் வந்த மாற்றம். எட்மண்ட் செலூஸ் என்பவர் 1901இல் ஒரு நூல் வெளியிட்டார். பறவை பார்த்தல் என்பதே அதன் பெயர். உயிருள்ள பறவையை மணிக்கணக்காக அசையாமல் இருந்து கவனித்து, அது செய்வதை அப்போதைக்கப்போது குறித்துக்கொள்வது அவருடைய முறை. கையடக்கமான இரட்டைக் குழல் தொலைநோக்கிகளும் பெருகின. தொலைவில் நிற்கும் பறவையைக் கொல்லாமலே இனம் காண முடியும் என்று ஆயிற்று. ஒரு பறவையைச் சுட்டவனுக்கு ஒரு குறிப்புத்தான் மிஞ்சும். பார்த்தவனுக்கோ அதன் வாழ்க்கையே தெரியவரும். இந்த வேறுபாடு மெல்ல மெல்ல மக்களுக்குப் புரிந்தது.

பார்ப்பவர்கள் பெருகியபோது, பார்ப்பதற்கான இடங்களைக் காக்கவேண்டும் என்ற எண்ணமும் எழுந்தது. 1926இல் நார்ஃபோக் கடற்கரையில் க்ளே என்ற ஊரின் சதுப்பு நிலம் விற்பனைக்கு வந்தது. ஏறத்தாழ 400 ஏக்கர். நாரிச் நகர மருத்துவர் சிட்னி லாங் அதை வாங்கி, என்றென்றும் பறவைகள் இனம்பெருக்கும் புகலிடமாக இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அதை நிருவகிப்பதற்காக அவ்வாண்டே நார்ஃபோக் இயற்கையாளர் அறக்கட்டளை அமைந்தது. மாவட்டந்தோறும் பிற்காலத்தில் தோன்றிய இத்தகைய அறக்கட்டளைகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

ஆனால் அக்காலத்தில் பாதுகாப்பு என்றால் என்ன? நிலத்தை வாங்குவது, வேலி போடுவது, காவலர் ஒருவரை வைப்பது. மனிதன் கை வைக்காமல் விட்டுவிட்டால் மற்றதை இயற்கை பார்த்துக்கொள்ளும் என்பதே பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத் திருத்தியது கோணமூக்கு உள்ளான்.

1947: இரண்டு இடங்கள்

1947இல் அப்பறவை திரும்பிவந்தது ஓர் இடத்துக்கு மட்டுமல்ல. மின்ஸ்மியரில் நான்கு இணைகள் கூடு கட்டின. அங்கிருந்து தெற்கே, அதே சஃபோக் கரையில், ஓர் ஆற்றின் கழிமுகத்தில் ஹாவர்கேட் என்ற சிறு தீவு உள்ளது. அங்கேயும் சில இணைகள் கூடு கட்டின. அந்தத் தீவும் கரைகளால் சூழப்பட்ட மேய்ச்சல் நிலமாகத்தான் இருந்தது. போர்க்காலத்தில் அருகிலிருந்த படைப்பயிற்சிக் களத்திலிருந்து தவறி வந்த குண்டு ஒன்று அதன் மதகை உடைத்துவிட்டது என்றும், உள்ளே புகுந்த உப்புநீர் தேங்கி ஆழமற்ற களப்புகளாயிற்று என்றும் கூறுவர். ஓரிடத்தில் நீர் திட்டமிட்டு விடப்பட்டது; மற்றோரிடத்தில் விபத்தாக நுழைந்தது. பறவைக்கு இரண்டும் ஒன்றே.

நெதர்லாந்து, டென்மார்க் முதலிய நாடுகளின் கரைகளில் கோணமூக்குகள் அழியாமல் வாழ்ந்துவந்தன. குறுக்கே கடல் இருந்தாலும் பறவைக்கு அது பெருந்தொலைவன்று. ஓரிடத்தில் நீர் வற்றினால் வேறிடம் தேடிச் செல்வது சேற்றுப் பறவைகளின் இயல்பு. எனவே அவை இங்கிலாந்துக் கரையை அவ்வப்போது எட்டிப்பார்த்தே வந்திருக்கும். வந்தபோதெல்லாம் தங்குவதற்கு இடமில்லை. இப்போது இடம் இருந்தது.

புதிதாக நீர் தேங்கிய நிலத்துக்கு ஒரு தனிச் சிறப்பும் உண்டு. மூழ்கிய புல்லும் பூண்டும் அழுகும்போது அவற்றின் சத்து நீரில் கலக்கிறது. அதை உண்டு நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவற்றை உண்டு புழுக்களும் கூனிகளும் பெருகுகின்றன. புதிய ஏரியில் முதல் சில ஆண்டுகள் மீன் மிகுந்திருப்பதை நம் ஊர் மீனவர்கள் அறிவார்கள். அதே விதிதான் இங்கும்.

பறவைகள் வந்த செய்தி வெளியே தெரிந்தால் முட்டை சேகரிப்போர் படையெடுப்பார்கள். ஆதலால் பறவை அன்பர்கள் சிலர் அதை இரகசியமாக வைத்துக்கொண்டு காவல் இருந்தனர். அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் மின்ஸ்மியரை 1947இல் குத்தகைக்கு எடுத்தது. 1948இல் ஹாவர்கேட் தீவை விலைக்கு வாங்கியது.

காவல் மட்டும் போதாது

அடுத்து நடந்தது கவனிக்கத்தக்கது. ஹாவர்கேட்டில் பறவைகள் பெருகின. மின்ஸ்மியரில் நிலைக்கவில்லை. இரண்டும் ஒரே சங்கத்தின் பாதுகாப்பில் இருந்தவை. வேறுபாடு எங்கே?

ஹாவர்கேட்டில் முதலில் தொல்லைகள் மிகுதி. எலிகள் முட்டைகளைத் தின்றன. கரையில் கசிவு ஏற்பட்டுக் களப்புகளின் நீர் வடிந்தது. காப்பாளர்கள் எலிகளை ஒழித்தனர், கரைகளைச் செப்பனிட்டனர், உடைந்த மதகுக்குப் பதிலாகப் புதிய மதகு அமைத்தனர். வேண்டும்போது உப்புநீரை உள்ளே விட்டு, வேண்டாதபோது வெளியேற்ற முடிந்தது. 1953 ஜனவரி 31ஆம் நாள் இரவு வட கடல் புயலால் பொங்கி எழுந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் 307 பேரும் நெதர்லாந்தில் 1,836 பேரும் உயிரிழந்த பெருந்துயரம் அது. கிழக்குக் கரை நெடுகிலும் கடற்கரைகள் உடைந்தன. ஆயினும் ஹாவர்கேட்டில் பறவைகள் நிலைத்துவிட்டன. 1950களின் இறுதிக்குள் அங்கே ஏறக்குறைய 100 இணைகள் கூடு கட்டின.

மின்ஸ்மியரில் தேங்கியது பெரும்பாலும் நன்னீர். நன்னீர்ச் சதுப்பில் நாணல் விரைந்து பரவும். நாணலின் தாளும் தோகையும் ஆண்டுதோறும் விழுந்து மக்கி அடித்தளத்தை உயர்த்தும். நீர் மேலும் ஆழம் குறையும். பின் செடிகளும் புதர்களும் முளைக்கும். கடைசியில் அது மரங்கள் நிற்கும் தரையாகும். சதுப்பு நிலம் என்பது நிலையான பொருளன்று; ஏரியாக இருந்ததிலிருந்து காடாக ஆவதற்கு இடையில் உள்ள ஒரு பருவம். அதை அப்படியே விட்டுவைத்தால் அது தன் போக்கில் மாறிச் சென்றுவிடும். முன்பு பெரிய ஆறுகள் வழி மாறியும் கடல் கரையை உடைத்தும் ஓரிடத்தில் அழிந்த சதுப்பை வேறோரிடத்தில் உண்டாக்கின. கரை எழுப்பி ஆற்றையும் கடலையும் கட்டிப்போட்ட நாட்டில் அந்த வேலையைச் செய்ய இயற்கைக்கு இடமில்லை. ஆகவே அதை மனிதனே செய்யவேண்டியதாயிற்று.

ஆக்செலின் வேலைப்பாடு

இதை உணர்ந்து செயல்பட்டவர் பெர்ட் ஆக்செல். 1959இல் மின்ஸ்மியரின் காப்பாளராகி 1975 வரை அப்பணியில் இருந்தவர். நாணலும் புல்லும் மூடிக்கிடந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, 1962 முதல் அதன் மேல்மண்ணைச் சுரண்டி எடுக்கத் தொடங்கினார். புல்டோசரும் வேலை செய்தது. தொண்டர்களின் மண்வெட்டியும் வேலை செய்தது. எடுத்த மண்ணைக் கொண்டு ஆங்காங்கே சிறு தீவுகளை அமைத்தார். சில தீவுகளில் கூழாங்கல் பரப்பினார். சிலவற்றில் புல் வளர விட்டார். எந்தப் பறவைக்கு எது பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தார். மண்ணைச் சுரண்டி உண்டாக்கியதால் அதற்குச் 'சுரண்டல்' என்று பொருள்படும் ஸ்கிரேப் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

அதன் உயிர்நாடி மதகுகள்தாம். ஒருபுறம் உள்நாட்டு ஓடையின் நன்னீர். மறுபுறம் கடலின் உப்புநீர். இரண்டையும் அளவோடு கலந்து உவர்நீராக்க முடிந்தது. குளிர்காலத்தில் நீரை உயர்த்தி வைத்தால் தீவுகளில் முளைக்கும் களைகள் அழியும். வசந்த காலத்தில் மெல்ல இறக்கினால் கூடு கட்டத் திட்டுகளும், இரை தேடச் சேற்று விளிம்புகளும் வெளிப்படும். நம் ஏரிகளில் மடை திறக்கும் நீர்க்கட்டி செய்கின்ற வேலைதான் இது. அவர் பார்ப்பது நெல்லின் பருவத்தை; ஆக்செல் பார்த்தது பறவையின் பருவத்தை.

1963இல் கோணமூக்கு உள்ளான் மின்ஸ்மியரில் மீண்டும் கூடு கட்டியது. போரின் விளைவாக வந்து போன பறவை, இம்முறை அறிந்தே செய்த வேலைக்காக வந்து தங்கியது.

ஆக்செல் இன்னொன்றையும் சிந்தித்தார். பறவைகளைக் காக்கப் பணம் வேண்டும். பணம் தருபவர்கள் பறவைகளைக் காண விரும்புவார்கள். காண வருபவர்களால் பறவைகள் வெருண்டு ஓடக்கூடாது. இதற்கு அவர் கண்ட வழி எளியது. நீர்ப்பரப்பைச் சுற்றி நடைபாதை. பாதையில் நடப்பவர் பறவைகளின் கண்ணில் படாதபடி மறைக்கும் மண்கரையும் நாணலும். பாதையோரத்தில் மரப்பலகையாலான மறைவுக்குடில்கள். குடிலின் சுவரில் நீண்ட குறுகிய திறப்பு இருக்கும். உள்ளே அமர்ந்து அதன் வழியே பார்த்தால், சற்றுத் தொலைவில் தீவின்மேல் அடைகாக்கும் பறவை நம்மை அறியாமல் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். பார்வையாளர் கூட்டத்தையும் பறவைக் கூட்டத்தையும் அருகருகே வைத்தும் ஒன்றுக்கொன்று இடையூறாகாமல் அமைத்த இந்த முறை, பின்னர் பிற நாடுகளின் சதுப்பு நிலச் சரணாலயங்களுக்கும் மாதிரியாயிற்று. அரச பறவைப் பாதுகாப்புச் சங்கம் 1970இல் கோணமூக்கு உள்ளானையே தன் சின்னமாக ஏற்றது. இன்று அச்சங்கத்தின் உறுப்பினர் தொகை பத்து இலட்சத்துக்கு மேல்.

பார்ப்பவர்கள் கணக்கெடுப்பாளர்களாகவும் ஆயினர். கோணமூக்கு திரும்பிய அதே 1947இல் பிரிட்டனில் காட்டு வாத்துகளைத் தொடர்ந்து எண்ணும் பணி தொடங்கியது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான இடங்களில் தொண்டர்கள் நின்று எண்ணினால்தான் ஒரு பறவை பெருகுகிறதா, குறைகிறதா என்பது தெரியும். எண்ணிக்கை என்ன சொல்லும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: டி.டி.டி. போன்ற பூச்சிக்கொல்லிகள் பரவியிருந்த காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து வேகமாகக் குறைந்தது. 1971இல் பிரிட்டன் முழுவதிலும் ஒரே ஓர் இணைதான் கூடு கட்டியது. அந்த ஓர் இணை இருந்த இடம் மின்ஸ்மியர். நஞ்சுகளுக்குத் தடை வந்தபின் அப்பறவை மீண்டது. இன்று பிரிட்டனில் நூற்றுக்கணக்கில் கூடு கட்டுகிறது.

கடல் மறுபடி வருகிறது

பிரிட்டனில் இப்போது 1,500க்கும் மேற்பட்ட கோணமூக்கு இணைகள் இனம்பெருக்குகின்றன. கதை இத்துடன் இன்பமாக முடிந்துவிடவில்லை. புவி வெப்பம் கூடிக் கடல்மட்டம் உயர்ந்துவருவதால், கரை கட்டிக் காத்த சதுப்புகளுக்கே ஆபத்து நேர்ந்துள்ளது. 2013 டிசம்பர் 5ஆம் நாள் வந்த கடல் பொங்கலில் க்ளே சதுப்பு உப்புநீரில் மூழ்கியது. ஓரளவு உப்பு கோணமூக்குக்கு நல்லது. நாணற்காட்டில் வாழும் பிட்டர்ன் என்ற பெரிய குருகுக்கோ அது கேடு. அது உண்ணும் நன்னீர் மீன்கள் மடிந்துவிடும். 1997இல் பிரிட்டனில் பிட்டர்ன் ஆண்பறவைகள் 11 மட்டுமே குரல் கொடுத்தன.

இதற்கும் விடை தேடினர். கடலுக்கு எட்டாத உள்நாட்டில் புதிய நாணற்காடுகளை உண்டாக்கினர். லேக்கன்ஹீத் என்ற இடத்தில் காரட் விளைந்த வயல்களை 1995இல் வாங்கி, நீர் விட்டு, நாணல் நட்டனர். சில ஆண்டுகளில் பிட்டர்ன் அங்கே குடியேறியது. இன்று நாடு முழுவதும் 200க்கு மேற்பட்ட ஆண்பறவைகளின் குரல் கேட்கிறது. எஸ்ஸெக்ஸ் கரையில் வாலஸீ தீவில் வேறொரு முறையைக் கையாண்டனர். இலண்டன் நகரின் அடியில் ரயில் சுரங்கம் தோண்டியபோது வந்த முப்பது இலட்சம் டன் மண்ணைக் கப்பலில் கொண்டுவந்து கொட்டி நிலத்தை மேடும் பள்ளமுமாக்கினர். பின் 2015இல் கடற்கரையைத் தாங்களே உடைத்து ஓதநீரை உள்ளே விட்டனர். முந்நூறு ஆண்டுகள் கடலைத் தள்ளி நிறுத்திய நாடு, இப்போது கடலுக்குச் சில இடங்களைத் திருப்பித் தருகிறது.

மின்ஸ்மியருக்கு இன்னொரு கவலையும் உண்டு. அதன் தெற்கு எல்லையை ஒட்டியுள்ள சைஸ்வெல்லில் புதிய அணுமின் நிலையம் அமைக்க 2022இல் அரசு அனுமதி அளித்தது. பெருங்கட்டுமானத்தால் சதுப்பின் நீர்நிலை மாறிவிடுமோ என்று பறவை அன்பர்கள் அஞ்சுகிறார்கள். காரணம் நமக்குத் தெரிந்ததே. அந்த இடத்தின் உயிர், நீரின் அளவிலும் உப்பின் அளவிலும் அடங்கியிருக்கிறது.

நம் கோடிக்கரை

கோணமூக்கு உள்ளான் நமக்கும் அந்நியப் பறவையன்று. குஜராத்தின் கட்ச் சேற்றுவெளியில் அது கூடு கட்டுவதுண்டு. குளிர்காலத்தில் தெற்கே பழவேற்காடு, கோடிக்கரை முதலிய இடங்களிலும் காணப்படுகிறது.

காவிரிக் கழிமுகத்தின் தென்கிழக்கு மூலையில், வங்கக் கடல் பாக் நீரிணையைச் சந்திக்கும் இடத்தில் உள்ளது கோடிக்கரை. பறவையியல் அறிஞர் சாலிம் அலி இதன் சிறப்பை உணர்த்தியவர்களுள் முதன்மையானவர். 1967இல் இது சரணாலயமாயிற்று. இங்கே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளின் காலில் வளையமிட்டு அவற்றின் வலசையை ஆராய்ந்தனர். சதுப்பு நிலங்களுக்கான பன்னாட்டு உடன்பாடு 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் உருவானது. இந்தியா 1982இல் அதில் சேர்ந்தது. 2002இல் அப்பட்டியலில் இடம்பெற்ற கோடிக்கரைதான் தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம். வேதாரண்யம் சதுப்பும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் சேர்ந்து 38,500 ஹெக்டேர் பரப்பு.

இங்கும் எல்லாவற்றையும் முடிவு செய்வது நீரே. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் டெல்டாவின் வடிகால் நீரும் வந்து சதுப்பை நிரப்பும். உப்பு குறையும், சிற்றுயிர்கள் பெருகும். பின் வெயில் ஏற ஏற நீர் வற்றிச் சேறு வெளிப்படும், உப்பு கூடும். வட ஆசியாவிலிருந்து வந்த உள்ளான்களும் பூநாரைகளும் இந்த மாற்றத்தைப் பின்தொடர்ந்தே இடம்விட்டு இடம் பெயர்ந்து இரை தேடுகின்றன. ஆற்றில் நன்னீர் குறைந்தாலும், சதுப்பைப் பாத்திகட்டி உப்பளமாக்கினாலும் இந்தத் தாளம் கெடும். உப்பளத்திலும் பறவை வரும். உப்பு குறைந்த முதல் பாத்திகளில் இரை உண்டு. உப்பு விளையும் கடைசிப் பாத்தியில் இரை இல்லை. எந்தப் பாத்தி எவ்வளவு, எங்கே, எப்போது என்பதில்தான் பறவையின் நன்மையும் தீமையும் இருக்கின்றன.

மனிதன் கை பட்ட நிலத்தில் பறவை தங்காது என்பது உண்மையன்று. வேடந்தாங்கலும் பாசனத்துக்காக நம் முன்னோர் கட்டிய ஏரியே. அந்த ஊர் மக்கள் பறவைகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர். எச்சம் கலந்த நீர் அவர்கள் வயலுக்கு உரமாயிற்று. கட்டுவது குற்றமன்று. கட்டியதை யாருக்காகத் திறக்கிறோம், யாருக்காக மூடுகிறோம் என்று எண்ணிப் பார்க்காமல் இருப்பதே குற்றம்.

ஆசிய நாடுகளில் 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. இதில் மாணவர்களும் பங்கு பெறலாம். ஒரு குறிப்பேடும் பொறுமையும் இருந்தால் உங்கள் ஊர் ஏரியிலிருந்தே தொடங்கலாம். எத்தனை பறவை என்று எழுதும்போது, நீர் எந்த அளவில் நிற்கிறது, மதகு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதி வையுங்கள். பத்தாண்டுக் குறிப்புகள் சேர்ந்தபின், பறவைகள் ஏன் வந்தன, ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு விடை அந்த இரண்டாவது வரியில்தான் கிடைக்கும்.